மேனிகின் வந்துவிட்டது, பாடத்திட்டம் எங்கே?

மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி கற்பிக்கும் ஆசிரியர்கள் சிமுலேஷன் பயிற்சி (உண்மை நோயாளிக்குப் பதில் மேனிகின் என்ற மனித உருவப் பொம்மையையோ நடிகரையோ வைத்துப் பழகுவது) பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளில் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: பேசும், மூச்சுவிடும், கண் சிமிட்டும் மேனிகின் ஒன்று எங்கள் செவிலியர் கல்லூரிக்கு வந்திருக்கிறது. அடுத்த பருவத்திலிருந்து இதை வைத்து வகுப்பு நடத்தச் சொல்கிறார்கள். முதலில் என்ன செய்வது?

பதில்: சில வாரங்கள் அது பெட்டியிலேயே இருக்கட்டும். "இதை வைத்து என்ன சொல்லிக்கொடுக்கலாம்?" என்று தொடங்கினால், மேனிகினால் என்ன செய்ய முடியுமோ அதுவே பாடமாகிவிடும். மாணவர்களுக்கு எது வரவில்லையோ அது விட்டுப்போகும்.

மருத்துவக் கல்வியில் பாடத்திட்டம் வகுக்க டேவிட் கெர்னும் அவரோடு பணியாற்றியவர்களும் 1998இல் முன்வைத்த ஆறு படிகள் இன்றும் பயன்படுகின்றன: சிக்கலை இனங்காண்பது, உங்கள் மாணவர்களின் தேவையை அறிவது, குறிக்கோள் எழுதுவது, கற்பிக்கும் முறையைத் தேர்வது, நடைமுறைப்படுத்துவது, மதிப்பிடுவது. மேனிகின் இதில் நான்காம் படியில்தான் நுழைகிறது. அதற்கு முன் மூன்று படிகள் ஏறியாக வேண்டும்.

பெரும்பாலானோர் தாண்டிக் குதிப்பது இரண்டாம் படியை. மாணவர்கள் பணிக்குப் போகும் வார்டுகளின் பொறுப்பாளர்களிடம் பேசுங்கள். "புதிதாக வருபவர்கள் எதில் தடுமாறுகிறார்கள்?" என்று கேட்டால் "தன்னம்பிக்கை போதாது" என்பார்கள். அதை வைத்து ஒரு பாடமும் எழுத முடியாது. "கடைசியாக எப்போது அப்படி நடந்தது? அவர் என்ன செய்தார்? என்ன செய்திருக்க வேண்டும்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். "ரத்த அழுத்தம் இறங்கியதைச் சரியாகக் குறித்து வைத்தார், ஆனால் டாக்டரை அழைக்கவில்லை" என்பது போன்ற பதில் வரும். இப்போது உங்கள் கையில் கற்பிக்கத்தக்க ஒரு செயல் இருக்கிறது. மருத்துவமனையின் பிழை அறிக்கைகளையும், முந்தைய செய்முறைத் தேர்வில் எந்த நிலையத்தில் (ஒவ்வொரு திறனையும் தனித்தனியே சோதிக்கும் இடம்) அதிகம் பேர் தவறினார்கள் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

கிடைத்த பட்டியலில் எல்லாவற்றுக்கும் சிமுலேஷன் தேவைப்படாது. அரிதாக வந்து உயிரைப் பறிக்கக்கூடியவை, கைப்பழக்கம் வேண்டியவை, பலர் சேர்ந்து பேசிச் செய்ய வேண்டியவை ஆகிய மூன்று வகைகளுக்கே அதை ஒதுக்குங்கள். மருந்தின் அளவு தெரியவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் அரை மணி வகுப்பும் ஒரு சிறுதேர்வும் போதும்.

கேள்வி: ஒரு சிமுலேஷன் காட்சிக்கு எத்தனை குறிக்கோள் வைக்கலாம்?

பதில்: இரண்டு அல்லது மூன்று. ஐந்தைத் தாண்டினால், காட்சி முடிந்து உட்கார்ந்து பேசும் உரையாடலில் எதையும் முழுதாகப் பேச நேரம் இருக்காது. "அனஃபிலாக்ஸிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) பற்றிப் புரிந்துகொள்வார்" என்று எழுதாதீர்கள். புரிந்துகொண்டதை யாராலும் பார்க்க முடியாது. "அறிகுறி தெரிந்த ஐந்து நிமிடத்துக்குள் சரியான அளவு அட்ரினலினைத் தொடைத் தசையில் செலுத்துவார்" என்று எழுதினால், அறைக்குள் நிற்கும் எவரும் அது நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: காட்சியைக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி காட்டுங்கள். நாங்கள் எழுதுவது கதையாகிவிடுகிறது. நடத்தும்போது பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: நிற்பதற்குக் காரணம் உண்டு. கதையில் நோயாளிக்கு என்ன ஆகும் என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். மாணவர் எதிர்பார்த்ததைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதியிருக்க மாட்டீர்கள். ஆகவே காட்சியை நிலைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் உடல் அளவீடுகள், எதிர்பார்க்கும் செயல்கள், அடுத்த நிலைக்கு நகர்த்துவது எது என்ற மூன்றும் வேண்டும். மேலே சொன்ன அனஃபிலாக்ஸிஸையே எடுத்துக்கொள்வோம்.

நோயாளி 34 வயதுப் பெண், எடை 60 கிலோ. காலில் தோல் தொற்று. ஐந்து நிமிடம் முன்பு சிரை (ரத்த நாளம்) வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வாமை வரலாறு எதுவும் பதிவாகவில்லை.

முதல் நிலை, 0 முதல் 2 நிமிடம். "உடம்பெல்லாம் அரிக்குது, தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கு" என்கிறார். நாடி 112, ரத்த அழுத்தம் 104/64, மூச்சு 24, ஆக்சிஜன் செறிவு 95 சதவீதம். எதிர்பார்ப்பது: மருந்தை நிறுத்துவது, உதவிக்கு அழைப்பது, மானிட்டர் இணைப்பது.

இரண்டாம் நிலை. யார் என்ன செய்தாலும் 2ஆம் நிமிடத்தில் இது தொடங்கும். நாடி 132, அழுத்தம் 78/40, மூச்சு 32, செறிவு 89, இரு நுரையீரலிலும் இழுப்புச் சத்தம். எதிர்பார்ப்பது: ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. உள்ள அட்ரினலினில் 0.5 மி.லி.யைத் தொடையின் முன்-வெளிப்புற நடுத்தசையில் செலுத்துவது, அதிக அளவு ஆக்சிஜன், நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துவது, திரவம் வேகமாக ஏற்றுவது.

மூன்றாம் நிலை இரண்டாகக் கிளை பிரியும். ஊசி போட்டுவிட்டால் அடுத்த இரண்டு நிமிடத்தில் நாடி 118, அழுத்தம் 98/60, செறிவு 95 என்று படிப்படியாக மேலே வரட்டும். ஒரே நொடியில் எண்கள் மாறினால் மாணவர் மருந்தின் வேகத்தைத் தப்பாகக் கற்றுக்கொள்வார். 5ஆம் நிமிடம் வரை போடாவிட்டால் அழுத்தம் 64ஆக இறங்கி நோயாளி மயங்கத் தொடங்குவார். 6ஆம் நிமிடத்தில், அறைக்குள் சக செவிலியராக நடிக்கும் பயிற்றுநர் "அட்ரினலின் எடுத்து வரட்டுமா?" என்று கேட்பார். இந்தக் கைதூக்கல் வசனத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அப்போதே யோசித்துச் சொன்னால் ஒரு குழுவுக்கு அதிக உதவி, இன்னொரு குழுவுக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

முடிவு: அளவீடுகள் தேறி, வந்த மருத்துவரிடம் மாணவர் நிலையைச் சுருக்கிச் சொன்னதும், அல்லது 10ஆம் நிமிடத்தில், எது முந்தியோ அது.

காட்சியைக் கெடுப்பவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். மேனிகினின் தோலில் தடிப்பு வராது. அதை வாயால் சொல்ல நினைத்திருந்து மறந்துவிட்டால் மாணவர் ஆஸ்துமா என்று சிகிச்சை தொடங்குவார். அது அவர் குற்றமல்ல. தடிப்பின் படத்தை அச்சிட்டு மார்பில் ஒட்டி, உடைக்குள் மறைத்துவிடுங்கள். உடையை விலக்கிப் பார்ப்பவருக்கு அது கிடைக்கும். அட்ரினலின் ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) இரண்டு செறிவுகளில் வரும் இடமானால் இரண்டையும் டிரேயில் வையுங்கள். வார்டில் தவறு நடப்பது அங்கேதான். டிரேயில் சரியான ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, சரியாக எடுத்தார்கள் என்று மகிழ்வதில் பொருளில்லை.

எழுதி முடித்ததும் ஒத்திகை அவசியம். சக ஆசிரியர்களை வைத்துப் பார்க்காதீர்கள். அவர்கள் முதல் நிமிடத்திலேயே நோயைப் பிடித்துவிடுவார்கள். உங்கள் மாணவர்களைவிட ஓராண்டு மூத்தவர்களை உள்ளே விட்டால்தான் எங்கே குழம்புகிறது என்று தெரியும்.

கேள்வி: காட்சி நன்றாகப் போகிறது. பிறகு உட்கார்ந்து பேசும் டீபிரீஃபிங்கில் மாணவர்கள் வாயே திறப்பதில்லை. கடைசியில் நாங்கள்தான் விரிவுரை ஆற்றுகிறோம்.

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. வந்தவற்றில் முக்கியமானதும் இதுவே. கற்றல் நடப்பது பெரும்பாலும் இந்த உரையாடலில்தான். காட்சி அதற்கு வாய்ப்பை உண்டாக்கித் தருகிறது. 2005இல் பாரி இசன்பெர்க் குழுவினர் சிமுலேஷன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கற்றலுக்கு உதவிய கூறுகளில் முதலிடத்தில் நின்றது பின்னூட்டம். ஆகவே நேரத்தை இங்கே கொட்டுங்கள். 10 நிமிடக் காட்சிக்கு 20 நிமிட உரையாடல் என்பது குறைந்தபட்சம்.

மாணவர் வாய் திறக்காததற்கு விடை பல சமயம் காட்சிக்கு முன்பே இருக்கிறது. அவர்களை நேராக அறைக்குள் அனுப்பியிருந்தால், தங்களைச் சோதிக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். 10 நிமிட முன்விளக்கம் கொடுங்கள். மேனிகினைத் தொட்டுப் பார்க்கட்டும்: நாடி எங்கே கிடைக்கும், எதை உண்மையாகச் செய்ய வேண்டும், எதைச் செய்வதாகச் சொன்னால் போதும். இங்கே நடப்பது வெளியே பேசப்படாது என்று சொல்லுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மதிப்பெண் உண்டா இல்லையா என்பதை ஒளிக்காதீர்கள். பாஸ்டனில் உள்ள மருத்துவ சிமுலேஷன் மையம் பரப்பிய ஓர் அடிப்படை நம்பிக்கை உண்டு: பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் அறிவும் திறனும் உள்ளவர், தம்மால் இயன்றதைச் செய்ய முயல்பவர், மேலும் தேற விரும்புபவர். பயிற்றுநர் இதை உண்மையாகவே நம்பினால் அவர் கேட்கும் கேள்விகளின் தொனி தானாக மாறும்.

உரையாடலை நான்கு பகுதிகளாக நடத்தலாம். இந்த அமைப்பை 2015இல் எப்பிக், செங் இருவரும் பேர்ல்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். முதலில் உணர்வு: "இப்போது எப்படி இருக்கிறது?" பிறகு நடந்ததைச் சுருக்கமாக ஒரு மாணவர் சொல்வது. மூன்றாவது அலசல், நேரத்தின் பெரும்பகுதி இதற்கு. கடைசியில், அடுத்த முறை எதை மாற்றிச் செய்வேன் என்று ஒவ்வொருவரும் சொல்வது.

அலசலில் பேசவைப்பது கேள்வியின் வடிவம். "அட்ரினலின் ஏன் போடவில்லை?" என்றால் "மறந்துட்டேன் மேடம்" என்பதோடு முடிந்துவிடும். நீங்கள் கண்டதையும், அதைப் பற்றி உங்களுக்குத் தோன்றியதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "அழுத்தம் 78க்கு வந்த பிறகு ஒன்றரை நிமிடம் ஹைட்ரோகார்டிசோன் தயார் செய்வதில் போனது. அட்ரினலின் தள்ளிப்போகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அந்த நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" ஒருவர் "இதயத்துக்கு ஆபத்து என்று பயந்தேன்" என்பார். இன்னொருவர் "ஆம்பூல் எங்கே என்று தெரியவில்லை" என்பார். மூன்றாமவர் "அவங்க போடுவாங்கன்னு நினைச்சேன்" என்பார். வெளியே பார்த்தால் ஒரே தவறு. முதலாமவருக்கு வேண்டியது மருந்தியல் விளக்கம், இரண்டாமவருக்கு டிரேயோடு பழக்கம், மூன்றாமவருக்குப் பெயர் சொல்லி வேலையை ஒப்படைக்கும் பழக்கம். விரிவுரை ஆற்றியிருந்தால் மூவருக்கும் மருந்தியல்தான் கிடைத்திருக்கும்.

கேட்ட பிறகு காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நான்கு எண்ணுவதற்குள் பயிற்றுநரே பதிலைச் சொல்லிவிடுவது மிகப் பரவலான தவறு. வீடியோவை முழுதாக ஓடவிடாதீர்கள். அரை நிமிடத் துணுக்கு ஒன்றிரண்டு போதும்.

கேள்வி: விலை உயர்ந்த மேனிகின் வாங்க வழியில்லை. நாங்கள் சிமுலேஷன் நடத்தவே முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். நோயாளியாக நடிக்க ஒருவருக்குப் பயிற்சி தரும் முறையை ஹோவர்ட் பாரோஸ் 1963லேயே தொடங்கிவிட்டார். வரலாறு கேட்பது, கெட்ட செய்தி சொல்வது, சம்மதம் பெறுவது ஆகியவற்றுக்கு எந்த இயந்திரமும் மனிதருக்கு ஈடாகாது. சருமம் எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். மாணவர் செய்ய வேண்டிய வேலை உண்மையான வேலையைப் போல இருக்கிறதா என்பதே கேள்வி. தையல் பழக ஒரு தையல் பேட் போதும். அதை நடிகரின் கையில் கட்டிவிட்டால், தைத்துக்கொண்டே நோயாளியிடம் பேசவும் பழகலாம். மானிட்டருக்குப் பதில் ஒரு டேப்லெட்டில் எண்களைக் காட்டலாம்.

நடிப்பவருக்கு நோயின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். முதல் வசனம், கேட்காமலே சொல்ல வேண்டியது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது, எந்தக் கேள்விக்கு எந்த உணர்ச்சி, எப்படி உட்கார வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது மாணவர் வரும்போது நோய் வேறாகியிருக்கும்.

வாங்கும் வசதி உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: ஊசி பழகும் கையின் தோலும் குழாய்களும் தேய்ந்துபோகும். மாற்றுப் பாகங்களுக்கு ஆண்டுதோறும் தொகை ஒதுக்காததால் பரணில் கிடக்கும் கருவிகள் ஏராளம்.

கேள்வி: 60 மாணவர்கள், மூன்று ஆசிரியர்கள், ஒரே அறை. எப்படிச் சமாளிப்பது?

பதில்: கணக்கைப் போட்டுவிடுவோம். ஆறு பேராகப் பத்துக் குழு. மூவர் செய்ய, மூவர் பார்க்க; பிறகு இடம் மாற்றம். முன்விளக்கம் 10 நிமிடம், முதல் காட்சியும் உரையாடலும் 30, அறையைச் சீராக்க 5, இரண்டாம் காட்சியும் உரையாடலும் 30, மறுபடி சீராக்க 5. ஆக 80 நிமிடம். பத்துக் குழுவுக்கு 800 நிமிடம். அரை நாளுக்கு இரண்டு குழு என்றால் ஐந்து அரை நாட்கள், ஒவ்வொன்றும் 160 நிமிடம். ஒரு ஆசிரியர் இயக்குவார், ஒருவர் உரையாடலை நடத்துவார், மூன்றாமவர் அறைக்குள் நடிப்பார்.

இரண்டாம் காட்சியில் அதே சிக்கலை வேறு முகத்தோடு கொடுங்கள்: ஆன்டிபயாடிக்குப் பதில் வேர்க்கடலை. பார்த்துக்கொண்டிருந்த மூவர் இப்போது கற்றதைச் செய்து காட்டுவார்கள். பார்ப்பவர்களைச் சும்மா உட்காரவைக்காதீர்கள். ஒருவர் நேரங்களைக் குறிக்கட்டும், இன்னொருவர், வந்த உத்தரவைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்தினார்களா என்று கவனிக்கட்டும், ஒருவர் நோயாளியிடம் யார் பேசினார்கள் என்று பார்க்கட்டும்.

கேள்வி: செக்லிஸ்ட் வைத்து மதிப்பெண் போடுகிறோம். 25க்கு 22 வாங்கியவர் தேர்ச்சிதானே?

பதில்: விட்ட மூன்று எவை என்பதைப் பொறுத்தது. மையச் சிரையில் (இதயத்தை ஒட்டிய பெரிய ரத்த நாளத்தில்) குழாய் செலுத்தும்போது கிருமி நீக்கிய பகுதியைத் தொட்டுவிட்டவர் மற்ற 24ஐயும் செய்திருந்தாலும் தேறக் கூடாது. விட்டால் தோல்வி என்ற அடிகளைத் தனியே குறித்து வையுங்கள். தேர்ச்சிக் கோட்டை 50 சதவீதம் என்று வழக்கத்துக்காகப் போடாதீர்கள்; அந்த வேலையைத் தினமும் செய்பவர்கள் சிலரை உட்காரவைத்து அடி அடியாகத் தீர்மானியுங்கள். பிறகு எல்லோரும் அந்தக் கோட்டைத் தொடும் வரை பயிற்சி. எடுத்துக்கொள்ளும் நேரம் ஆளுக்கு ஆள் மாறலாம், தரம் மாறக் கூடாது. முழுத்தேர்ச்சிக் கற்றல் என்பது இதுதான்.

ஒரே வீடியோவை இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியாக மதிப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் செக்லிஸ்டின் வாசகத்தைத் திருத்துங்கள். "கையை முறையாகக் கழுவினார்" என்பதில் "முறையாக" என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. கற்பிக்கும் அமர்வையும் தேர்வையும் ஒன்றாக்க வேண்டாம். மதிப்பெண் போகும் என்று தெரிந்தால் யாரும் தன் குழப்பத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: தவறு செய்தால் மேனிகின் இறந்துபோகும்படி வைக்கலாமா?

பதில்: மரணத்தைக் கையாள்வது குறிக்கோளாக இருந்தால் வைக்கலாம், முன்பே சொல்லிவிட்டு, உரையாடலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கி. பாடம் புகட்டுவதற்காக வேண்டாம். முதலாண்டு மாணவருக்கு அதில் நினைவில் நிற்பது பயம்தான், மருந்து அளவு அல்ல.

கேள்வி: காலாவதியான மருந்துகளையும் பழைய திரவப் பைகளையும் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறோம். சரிதானா?

பதில்: மிகுந்த கவனம் தேவை. 2014இல் அமெரிக்காவில் பயிற்சிக்கென்றே தயாரித்த, கிருமி நீக்காத உப்புநீர்ப் பைகள் கிளினிக்குகளுக்குள் புகுந்து 40க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டன. பலருக்குக் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தன. ஆகவே ஒவ்வொரு பையிலும் ஆம்பூலிலும் "பயிற்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல" என்ற ஒட்டுத்தாள்; தனி அலமாரி, தனிப் பூட்டு; அமர்வு முடிந்ததும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து. வார்டுக்குள்ளேயே பயிற்சி நடத்தினால் உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று ஒப்பிடாமல் யாரும் கிளம்பக் கூடாது. டிஃபிப்ரிலேட்டர் உண்மையான மின் அதிர்ச்சி தரும் கருவியானால், அதைத் தாங்கும் மேனிகினில் மட்டுமே பயன்படுத்துங்கள். அருகில் நிற்பவர்கள் விலகியதை ஒருவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: பயன் இருந்தது என்று நிர்வாகத்துக்கு எப்படிக் காட்டுவது? மாணவர்கள் "மிகவும் நன்று" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: அது பயிற்சியின் பயனை அளக்கக் கர்க்பாட்ரிக் வகுத்த நான்கு மட்டங்களில் முதலாவது மட்டுமே: பிடித்திருந்ததா என்பது. அடுத்தது கற்றார்களா, பிறகு வேலையிடத்தில் செய்கிறார்களா, கடைசியாக நோயாளிக்கு நன்மை உண்டா.

கடைசி மட்டம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்சக் குழுவினர், பயிற்சி மருத்துவர்களுக்கு மையக் குழாய் செலுத்துவதை முழுத்தேர்ச்சி முறையில் கற்பித்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவின்படி, தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் சார்ந்த ரத்தத் தொற்று, ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய் நாள்) 3.20 என்பதிலிருந்து 0.50 ஆனது. செவிலியக் கல்வியில், அமெரிக்காவின் தேசியச் செவிலியர் வாரியங்களின் கவுன்சில் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான சிமுலேஷனுக்கு மாற்றினாலும் விளைவு குறையவில்லை என்று காட்டியது. "தரமான" என்ற சொல்லை நிர்வாகத்திடம் அழுத்திச் சொல்லுங்கள். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான டீபிரீஃபிங்கும் இருந்தன.

உங்களால் உடனே செய்யக்கூடியது இரண்டாம், மூன்றாம் மட்டங்கள். பயிற்சிக்கு முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை அதே செக்லிஸ்ட்டை வைத்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தித் தரும் உயிர்காப்பு முதலுதவி) போன்ற திறன் மூன்று முதல் ஆறு மாதத்தில் தேயத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பை முழுதாக எழவிடுவது ஆகியவற்றை எழுத்துத் தேர்வில் சரியாக எழுதுகிறவரின் கை, மேனிகினில் 4 செ.மீ.யோடு நின்றுவிடும். அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போங்கள்: ஆண்டுக்கு ஒரு முழுநாள் பயிற்சிக்குப் பதில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் பழக, வார்டிலேயே ஒரு மேனிகின் வைக்க அனுமதி கேளுங்கள்.